எக்கியார்குப்பத்துக்குப் போகும் தம்பிக்கு



எக்கியார்குப்பத்திலும் மரக்காணம் உப்பளங்களிலும் படமெடுத்துவிட்டு, தெற்கே கீழ்ப்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் முகாமுக்கும் போகப்போவதாக எழுதியிருந்தாய். போ. ஆனால் மூன்றையும் ‘கடற்கரைத் துயரம்’ என்று ஒரே தொகுப்பில் அடைத்துவிடாதே. மீன்பிடிப்பவரின் கஷ்டம் வேறு, உப்பு வாருபவரின் கஷ்டம் வேறு, ஊரைவிட்டு வந்தவரின் கஷ்டம் முற்றிலும் வேறு.

2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயம் எக்கியார்குப்பத்தில் பலரைப் பலிகொண்டபோது, கேமராக்கள் கூட்டமாக வந்து இறங்கின. மாரடித்து அழும் பெண்கள், ஆம்புலன்ஸ், அமைச்சர்களின் கார்கள். பிறகு எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். இன்றைக்கும் ஊர்ப்பெயரை இணையத்தில் தட்டினால் அந்த நாள்தான் வந்து நிற்கிறது. அந்த ஊர்ப் பெண் கல்லூரிக்குப் போனாலும் வேலை கேட்டுப் போனாலும் அந்தப் படங்கள் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. உன் கழுத்தில் கேமராவைக் கண்டதும் ஊர்க்காரர்களுக்கு நினைவு வருவதும் அந்த நாள்தான். ஆகவே முதலில் கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார். எதற்கு வந்தாய், படம் எங்கே வெளியாகும் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்.

சாவைப் படமெடுக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். சுனாமி வந்து இரண்டு நாள் கழித்து, 2004 டிசம்பர் 28 அன்று, கடலூரில் ஆர்கோ தத்தா எடுத்த படத்தை எடுத்துவைத்துப் பார். மணலில் குப்புற விழுந்து இரு கைகளையும் விரித்து அழுகிறார் ஒரு பெண். இறந்துபோன உறவினரின் கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது, முகம் இல்லை. அந்த ஆண்டின் சிறந்த படமாக அதை வேர்ல்ட் பிரஸ் போட்டோ தேர்ந்தெடுத்தது. எதை விட்டுவிட வேண்டும் என்று தெரிந்த கண் அது.

உப்பளத்தில் வேறொரு ஆசை உன்னை இழுக்கும். உதிக்கிற சூரியனுக்கு முன்னால் கருநிழலாக உப்புக்கூடை சுமக்கும் பெண். அழகுதான், காலண்டர்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் பெற்ற பிள்ளைக்குக்கூட அவளை அந்தப் படத்தில் அடையாளம் தெரியாது. உப்பு அம்பாரத்தின் வெண்மை மீட்டரை ஏமாற்றி முகங்களைக் கருக்கிவிடும். ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டி வை. உப்பு வெளிறிப் போனால் போகட்டும், முகம் தெரியட்டும். உப்புநீரில் ஊறி வெடித்த பாதங்களை எடுப்பதானால், அன்றைய கூலியையும் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்டு எழுதிக்கொள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அது வெறும் பாதம்.

பெயர் விஷயம் இன்னும் சிக்கலானது. 1936இல் கலிஃபோர்னியாவில் பட்டாணி பறிக்க வந்த ஏழைத் தாயைப் படமெடுத்த டோரதியா லாங்கே, அவர் பெயரைக் கேட்கவில்லை. 1978இல்தான் அவர் ஃப்ளாரன்ஸ் தாம்சன் என்று உலகத்துக்குத் தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அவர் மனம் நொந்திருந்தார். அதனால் பெயரைக் கேள். ஆனால் கீழ்ப்புத்துப்பட்டில் பெயரை வெளியிடுவதே ஒருவருக்கு வினையாகலாம். இங்கேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை இல்லாத பிள்ளைகள் அங்கே உண்டு. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. ‘அகதிகள் முகாம்’ 2021இல் ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது; கண்காணிப்பு போய்விடவில்லை. முறையான அனுமதி வாங்காமல் நுழையாதே. நீ திரும்பிவிடுவாய், விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் படத்தில் இருப்பவர். பெயர் போடலாமா, முகம் காட்டலாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். இன்று சரி என்றவர் நாளை வேண்டாம் என்றால் மறுபேச்சு இல்லாமல் அழித்துவிடு.

புகைப்படக் கலைஞர் எம். பழனிகுமார், தூய்மைப் பணியாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளின் கையிலேயே கேமராவைக் கொடுத்துக் கற்றுத்தருகிறார். உன்னிடம் பழைய கேமரா ஒன்று சும்மாதானே கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போ. எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டு, பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்பே படத்தில் இருப்பவர்களிடம் கொண்டுபோய்க் கொடு.

உப்பு விளையும் கோடையில் எல்லாரும் போவார்கள். மழைக்காலத்தில் பாத்திகளில் தண்ணீர் நிற்கும், வேலை இருக்காது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது அளங்கள் மூழ்கிக் கிடந்தன. கூலி இல்லாத அந்த மாதங்களில் அடுப்பு எப்படி எரிகிறது, கடன் யாரிடம் வாங்குகிறார்கள் என்பதைக் காட்டும் படம் மிகக் குறைவு. ஐப்பசியில் ஒரு நடை போய்வந்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்