பட்டன் வேலை செய்யவில்லையா? காமன் ஒயரைப் பாருங்கள்

பலகையில் 30 மி.மீ. துளைகள் போட்டு, பட்டன்களும் ஜாய்ஸ்டிக்கும் மாட்டி, வீடியோ கேம் ஆடுவதற்கான ஆர்கேட் பானலை வீட்டிலேயே செய்து முடித்தாயிற்று. யூஎஸ்பியைச் செருகினால் பாதி பட்டன்கள்தான் வேலை செய்கின்றன. உடனே ஒயர்களைப் பிடுங்கி மறுபடி செருகத் தொடங்காதீர்கள். பழுது எங்கே என்று காட்டும் தடயம் அதில்தான் அழிகிறது. சர்வீஸ் அல்லது இயந்திரப் பராமரிப்பு வேலைக்குப் போக விரும்பும் ஐடிஐ, டிப்ளமோ மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது அரிது. உள்ளே ஓடுவது 5 வோல்ட்தான்; ஷாக் பயம் இல்லை.

விண்டோஸில் இருக்கும் கேம் கன்ட்ரோலர் சோதனைத் திரையைத் திறந்து, ஒவ்வொரு பட்டனாக அழுத்தி, நடப்பதைத் தாளில் எழுதுங்கள். பட்டன்களைக் கணினியோடு இணைக்கும் என்கோடர் போர்டு கீபோர்டு வகையாக இருந்தால், எழுத்து வரும் பட்டன்களுக்கு நோட்பேடே போதும். ஒன்று மட்டும் வேலை செய்யவில்லையா, ஓர் இடத்துக்குப் பிறகு எல்லாமே செத்திருக்கிறதா, எதையும் தொடாமலே ஒரு பட்டன் அழுத்தியபடி காட்டுகிறதா? இந்த மூன்றுக்கும் காரணம் வெவ்வேறு.

ஓர் இடத்துக்குப் பிறகு எல்லாம் செத்திருந்தால் காமன் ஒயரைச் சந்தேகியுங்கள். ஐ-பேக் போன்ற போர்டுகளில் ஒரே கிரவுண்ட் ஒயர் பட்டனுக்குப் பட்டன் தாவிப் போகும். அழுத்தாதபோது போர்டின் இன்புட் உயர் மின்னழுத்தத்தில் நிற்கும். பட்டன் அதைக் கிரவுண்டோடு சேர்த்ததும் பூஜ்யத்துக்கு இறங்கும். அந்த இறக்கத்தைத்தான் போர்டு ‘அழுத்தப்பட்டது’ என்று எடுத்துக்கொள்கிறது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. நான்காவது பட்டனின் லக் (ஒயர் முனையில் கிரிம்ப் செய்து காலில் செருகும் உலோகத் துண்டு) கழன்றால் அந்த ஒரு பட்டன்தான் போகும். வரும் ஒயரும் போகும் ஒயரும் லக்குக்குள் இன்னும் சேர்ந்தே இருக்கின்றன. லக்கிலிருந்து போகும் ஒயர் உருவிக்கொண்டால் ஐந்தாவதிலிருந்து எல்லாம் போகும். ஆகவே, எத்தனை பட்டன்கள் போயின என்பதே எந்த இணைப்பைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடும். கடைசிப் பட்டனிலிருந்து ஓர் ஒயரைக் கிரவுண்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து வளையமாக்கிவிட்டால், ஓர் இடத்தில் அறுந்தாலும் ஆட்டம் நிற்காது.

ஸீரோ டிலே வகை போர்டில் ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனியே இரண்டு ஒயர் வருவதால் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே நல்ல பட்டனின் பிளக்கையும் கெட்ட பட்டனின் பிளக்கையும் போர்டில் இடம் மாற்றிச் செருகுங்கள். பழுது பட்டனோடு கூடவே போனால் ஒயரிலோ ஸ்விட்சிலோ கோளாறு. சாக்கெட்டிலேயே நின்றால் போர்டில் கோளாறு.

எப்போதும் அழுத்தியபடி காட்டும் பட்டனில், பெரும்பாலும் மைக்ரோ ஸ்விட்சின் மூன்று கால்களில் தவறான காலில் ஒயர் ஏறியிருக்கும். காமன், என்ஓ (அழுத்தினால் மட்டும் காமனோடு இணையும் கால்) இரண்டும்தான் நமக்கு வேண்டியவை; என்சி (அழுத்தாதபோதே இணைந்திருக்கும் கால்) வேண்டாம். லைட் எரியும் பட்டனென்றால் எல்இடியின் கால்களை ஸ்விட்சின் கால்கள் என்று எண்ணி மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மல்டிமீட்டரைத் தொடும் முன் யூஎஸ்பியைக் கழற்றுங்கள். கன்டினியூட்டியில் வைத்து, ஒரு முனையைப் போர்டின் கிரவுண்டிலும் மறுமுனையைப் பட்டனில் கிரவுண்ட் ஒயர் ஏறியிருக்கும் உலோகக் காலிலும் வையுங்கள். லக்கின் மேல் வைக்காதீர்கள்: லக்குக்கும் காலுக்கும் நடுவில் இருக்கும் லூஸ் கான்டாக்ட் அப்போது தெரியாமல் போகும். பீப் வரும்போதே ஒயரை மெல்ல ஆட்டுங்கள். ஓசை விட்டுவிட்டு வந்தால் பழுது அங்கேதான். 2.8 மி.மீ. காலில் 4.8 மி.மீ. லக்கைச் செருகினால் மாட்டிக்கொண்டதுபோல் தோன்றும், ஆனால் பிடிப்பு இருக்காது. இன்சுலேஷனை உரிக்காமல் அதன் மேலேயே கிரிம்ப் செய்ததும் அப்படித்தான் ஏமாற்றும்.

ஜாய்ஸ்டிக்கை மேலே தள்ளினால் கீழே போகிறதா? பலகைக்கு அடியில் தண்டின் முனை எதிர்த்திசையில் நகரும். ஆகவே ‘மேலே’ என்பதற்கான ஸ்விட்ச் நம்மைப் பார்த்த பக்கத்தில் இருக்கும். ஒயரை மாற்றினால் போதும்.

இந்த அறிவு விளையாட்டோடு நிற்பதில்லை. தொழிற்சாலை பானலில் லிமிட் ஸ்விட்சுக்கும் இதே காமன், என்ஓ, என்சி கால்கள்தான். இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் பிஎல்சியின் இன்புட்டில் 5 வோல்ட்டுக்குப் பதில் வழக்கமாக 24 வோல்ட் டிசி இருக்கும். இன்னொரு வேறுபாட்டையும் மனத்தில் இருத்துங்கள். அவசர நிறுத்தப் பட்டனை அங்கே என்சியில்தான் இணைப்பார்கள். ஒயர் அறுந்தாலும் இயந்திரம் நிற்க வேண்டும். என்ஓவில் இணைத்தால் அறுந்தது யாருக்கும் தெரியாது, ஆபத்து நேரத்தில் அழுத்தியும் பயன் இருக்காது. நேர்காணலில் இதைக் காரணத்தோடு சொல்பவரின் சொல்லுக்கு எடை கூடும்.

நேர்காணலுக்குப் போகும்போது, ஒயர்களுக்கு எண் போட்ட வரைபடத்தையும் பழுதுக் குறிப்பையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு பழுதுக்கும் நான்கு வரி போதும்: என்ன அறிகுறி, எங்கே அளந்தீர்கள், மீட்டர் என்ன காட்டியது, எதை மாற்றினீர்கள். பயோடேட்டாவில் ‘ஆர்கேட் பானல் செய்தேன்’ என்ற வரிக்குக் கீழே, கண்டுபிடிக்கக் கடினமாக இருந்த ஒரு பழுதை இந்த நான்கு வரியில் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.