முந்தினோரும் முனைந்தோரும்

பலரும் வேண்டுவதாய், ஒரு நேரத்தில் சிலருக்கே கிடைப்பதாய் உள்ள பொருள் எதுவாயினும், அதன் முன்னே ஒரு வரிசை தோன்றும். புகைவண்டி நிலையத்தில் பயணச்சீட்டு வழங்கும் சாளரத்தின் முன் நிற்கும் வரிசையை யாவரும் அறிவர். முந்தி வந்தவர் முன்னே நிற்பர். பிந்தி வந்தவர் பின்னே நிற்பர். இதனினும் நேர்மையான முறை வேறில்லை என்றே மக்கள் கருதுவர். ஆயினும், அவ்வரிசையில் நிற்போருள் பலர் கையில் பணமின்றி, செல்லும் ஊரையும் உறுதி செய்யாமல், ‘என்றேனும் பயன்படும்’ என்று இடம் பிடித்து நின்றால் என்ன நேரும்? பணமும் பெட்டியுமாய் வந்த உண்மைப் பயணி வண்டியைத் தவறவிடுவான். வண்டியோ வெற்றிருக்கைகளோடு புறப்பட்டுச் செல்லும். இத்தகைய இடர்ப்பாடு ஒரு நாட்டின் மின்துறையையே கலங்க வைத்தது. அந்நாடு பிரிட்டன். அங்கு மின்தொகுப்போடு இணைவதற்கு எழுந்த வரிசையின் வரலாறு, நீதியையும் நாட்டின் நலனையும் ஒருங்கே சீர்தூக்கிப் பார்க்கத் தூண்டுவதாகும்.

மின்தொகுப்பு என்பது யாது? ஒரு நாட்டின் பல மூலைகளில் மின்சாரம் ஆக்கப்படுகிறது. வேறு பல மூலைகளில் அது செலவிடப்படுகிறது. ஆக்கும் இடங்களையும் செலவிடும் இடங்களையும் உயர்ந்த கோபுரங்கள் தாங்கும் கம்பிகளாலும், நிலத்தடி வடங்களாலும், மின்மாற்றிகளாலும் பிணைத்து ஒரே உடலாக்கிய அமைப்பே மின்தொகுப்பு எனப்படும். இவ்வுடலுக்கு ஓர் இன்றியமையாத விதி உண்டு. ஆக்கப்படும் மின்சாரமும் செலவிடப்படும் மின்சாரமும் ஒவ்வொரு நொடியிலும் சமமாதல் வேண்டும். பிரிட்டனின் மாறுமின்னோட்டம் நொடிக்கு 50 சுற்றுகள் கொண்டது. செலவு மிகுந்தால் அவ்வெண் தாழும். ஆக்கம் மிகுந்தால் உயரும். மிகத் தாழ்ந்தாலும் மிக உயர்ந்தாலும் எந்திரங்களுக்குக் கேடு விளையும். நாடே இருளில் மூழ்கவும் கூடும். ஆதலின், எவர் வேண்டுமாயினும் தம் விருப்பம்போல் ஒரு மின்னாக்கியைக் கொணர்ந்து இத்தொகுப்பில் மாட்டிவிட இயலாது.

பிரிட்டனில் பொதுமக்களுக்கு மின்சாரம் வழங்கும் பணி 1881-ஆம் ஆண்டில் கோடால்மிங் என்னும் சிற்றூரில் தொடங்கிற்று. பின்னர் ஊர்தோறும் சிறு மின்நிலையங்கள் எழுந்தன. ஒன்றன் மின்னழுத்தம் மற்றொன்றோடு ஒவ்வாது. ஓரூரில் மிகுந்த மின்சாரம் பக்கத்து ஊருக்குப் பயன்படாது. இக்குறையை நீக்க 1926-இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, மத்திய மின்சார வாரியத்தை நிறுவிற்று. 1928-இல் எடின்பரோ நகருக்கு அருகே முதற் கோபுரம் நாட்டப்பட்டது. 1,32,000 வோல்ட் அழுத்தமுள்ள கம்பிகள் நாடெங்கும் படர்ந்தன. 1933-இல் வட்டாரந்தோறும் இயங்கிய அத்தொகுப்பு, 1938-இல் நாடு முழுவதற்கும் ஒன்றாய் இணைந்தது. 1948-இல் மின்துறை அரசுடைமையாயிற்று.

அரசுடைமையாய் இருந்த காலத்தில் வரிசை என்னும் சிக்கல் எழவில்லை. மின்நிலையம் எங்கே அமைய வேண்டும், கம்பிகள் எவ்வழியே செல்ல வேண்டும் என்பவற்றை ஒரே நிறுவனமே முடிவு செய்தது. பெரும்பாலும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அருகிலேயே பேரளவான நிலையங்கள் கட்டப்பட்டன. 1990-இல் மின்துறை தனியார் கைக்கு மாறிற்று. அதன்பின் பொருளும் துணிவும் உடையவர் எவரும் மின்நிலையம் அமைக்க முன்வரலாம் என்னும் நிலை பிறந்தது. அவர்கள் மின்தொகுப்போடு இணைய விண்ணப்பம் செய்தனர். முந்தி விண்ணப்பித்தவர்க்கு முந்தி இணைப்பு என்பதே விதியாயிற்று. விண்ணப்பங்கள் சிலவாய் இருந்த வரையில் அவ்விதி நன்றாகவே நடைபெற்றது.

காலம் மாறிற்று. நிலக்கரிப் புகையால் உலகம் வெப்பமுறுவதை உணர்ந்த பிரிட்டன், நிலக்கரியைக் கைவிடத் துணிந்தது. 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், நாட்டிங்காமுக்கு அருகிலுள்ள ராட்கிளிஃப் என்னுமிடத்தில் இருந்த கடைசி நிலக்கரி மின்நிலையமும் மூடப்பட்டது. அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்றும், கதிரவன் ஒளியும், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் மின்கலத் தொகுதிகளும் வந்தன. பழைய நிலக்கரி நிலையம் ஒன்று 2,000 மெகாவாட் திறனுடையது. புதிய கதிரொளி நிலையங்களிற் பல 50 மெகாவாட்டிற்கும் குறைந்தவை. ஆதலால் ஒரு பெரிய விண்ணப்பம் வந்த இடத்தில் பல சிறிய விண்ணப்பங்கள் வந்து குவிந்தன.

ஒரு விண்ணப்பத்தை ஆராய்வது எளிய செயலன்று. மின்சாரம் ஒருவர் காட்டிய பாதையில் மட்டும் செல்வதில்லை. வாய்க்கால்கள் பலவற்றில் பிரிந்தோடும் வெள்ளம் போல், திறந்துள்ள எல்லா வழிகளிலும் அவ்வவற்றின் தடைக்கேற்பப் பிரிந்து பாயும். எனவே, ஸ்காட்லாந்துக் கடற்கரையில் ஒரு காற்றாலைத் தொகுதி எழுந்தால், அதன் விளைவு நெடுந்தொலைவிலுள்ள கம்பிகளிலும் தோன்றும். எந்தக் கம்பி தாங்கும் அளவை மீறிச் சூடேறும்? ஒரு கம்பி அறுந்தால் மற்றவை அச்சுமையைத் தாங்குமா? எந்த மின்மாற்றியை மாற்ற வேண்டும்? இவையெல்லாம் கணக்கிடப்படும். கணக்கிடுங்கால், வரிசையில் முன்னே நிற்பவை அனைத்தும் கட்டப்பட்டுவிடும் என்றே கொள்ளப்படும். முன்னே நிற்பவற்றுள் பல வெறும் தாளளவில் நிற்பவையாயின், பின்னே நிற்பவனுக்கு, “தேவையான புதிய கம்பிகள் அமைந்த பிறகே இணைப்பு” என்னும் விடையே கிடைக்கும்.

புதிய கம்பிப் பாதை அமைப்பதோ நெடுங்காலப் பணி. ஸ்காட்லாந்தில் பியூலி என்னும் ஊரிலிருந்து டென்னி என்னும் ஊர்வரை ஏறத்தாழ 220 கிலோமீட்டர் நீளமுள்ள பாதைக்கு 2005-இல் இசைவு கோரப்பட்டது. மக்கள் கருத்தும் மலைநிலத்தின் அழகும் பற்றிய நீண்ட ஆய்விற்குப்பின் 2010-இல் இசைவு கிட்டிற்று. 2015-ஆம் ஆண்டின் இறுதியிலேதான் அப்பாதை முழுமையும் மின்னோட்டம் பெற்றது. காற்றாலையை ஓரிரண்டு ஆண்டுகளில் நாட்டிவிடலாம். அதன் மின்சாரத்தைச் சுமந்து செல்லும் பாதைக்குப் பத்தாண்டும் போதவில்லை.

இந்நிலையில் வரிசையில் இடம் என்பதே ஒரு செல்வமாயிற்று. விண்ணப்பக் கட்டணம், நிலையம் கட்டும் செலவோடு ஒப்பிட மிகச் சிறிது. நிலமும் இன்றி, அனுமதியும் இன்றி, பலர் இடம் பிடித்து வைத்தனர். சிலர் அவ்விடத்தைப் பிறருக்கு விற்றுப் பொருளீட்டலாம் என எண்ணினர். சிலர் எவ்விடத்தில் விரைவாய் இணைப்புக் கிடைக்கும் என அறிய முடியாமையால், ஒரே திட்டத்திற்குப் பல இடங்களில் விண்ணப்பம் செய்தனர். ‘பந்திக்கு முந்து’ என்னும் பழமொழியை அவர்கள் நன்கு கடைப்பிடித்தனர் எனலாம். ஆனால், பந்தியில் அமர்ந்தவர் உண்ணவுமில்லை, எழவுமில்லை.

விளைவு யாதாயிற்று? வரிசையில் நின்ற திட்டங்களின் மொத்தத் திறன் 700 ஜிகாவாட்டிற்கு மேற்பட்டது. ஒரு ஜிகாவாட் என்பது ஆயிரம் மெகாவாட். கடுங்குளிர் நாளின் மாலைப்பொழுதில் அந்நாடு முழுவதும் வேண்டும் மின்சாரமோ 50 ஜிகாவாட்டைக்கூட எட்டுவதில்லை. வரிசையில் நின்றவை அனைத்தும் ஒருநாளும் கட்டப்படப் போவதில்லை என்பது தெளிவு. ஆயினும் புதிதாய் வந்தவர்க்கு 2030-ஆம் ஆண்டிற்கும் பிந்திய நாள்கள் குறிக்கப்பட்டன. நிலம் வாங்கி, அனுமதி பெற்று, பணத்தையும் திரட்டிக் கொண்டு ஒருவர் நிற்க, அவர்க்கு முன்னே நிழல்கள் நின்றன.

இந்நோய்க்கு முதலில் மென்மையான மருந்தே அளிக்கப்பட்டது. “கட்டும் எண்ணமில்லாதவர் தண்டமின்றியோ, குறைந்த தண்டத்துடனோ வரிசையை விட்டு விலகலாம்” என்று 2022-ஆம் ஆண்டில் ஒரு வாய்ப்புத் தரப்பட்டது. விலகியோர் சிலரே. பின்னர், 2023 நவம்பரில் மின்துறை ஒழுங்காணையமாகிய ஆஃப்ஜெம் மற்றொரு விதியை ஏற்றது. அதன்படி ஒவ்வொரு திட்டத்திற்கும் படிகள் வகுக்கப்பட்டன. நில உரிமை, கட்டட அனுமதி, பணம் ஆகியவற்றைக் குறித்த காலத்திற்குள் பெற்றுக் காட்டாதவரின் இடம் பறிக்கப்படலாம் என்றாயிற்று. நல்ல விதியே. ஆயினும், வெள்ளம் பெருகி வரும் ஆற்றைச் சிறுகரை தாங்காதது போல், பெருகி வந்த விண்ணப்பங்களை அது தடுக்கவில்லை.

2024 அக்டோபர் முதல் நாள், தேசிய எரிசக்தி அமைப்பு இயக்ககம் என்னும் பொது நிறுவனம் தோன்றி, மின்தொகுப்பை இயக்கும் பொறுப்பை ஏற்றது. அது வரிசையின் அடிப்படையையே மாற்ற முனைந்தது. ‘யார் முந்தி வந்தார்?’ என்னும் கேள்விக்கு மாறாக, இரண்டு கேள்விகள் எழுப்பப்பட்டன. ஒன்று, ‘இத்திட்டம் கட்டுவதற்கு ஆயத்தமாய் உள்ளதா?’ என்பது. மற்றொன்று, ‘இது நாட்டின் தேவைக்கு ஏற்றதா?’ என்பது. இவ்விரண்டிற்கும் ‘ஆம்’ என விடை கூறுவதே வரிசையில் உறுதியான இடம் பெறும். 2025 ஏப்ரலில் ஆஃப்ஜெம் இம்முறைக்கு ஒப்புதல் அளித்தது.

மாற்றத்தை எல்லோரும் மகிழ்ந்து வரவேற்கவில்லை. விதியை நம்பிப் பல ஆண்டுகள் காத்திருந்தோர், “முந்தி வந்த காதினும் பிந்தி வந்த கொம்பு வலிதாவதோ?” என்று கேட்டனர். அவர்கள் எல்லோரும் இடம் பிடித்து விற்க வந்தவர் அல்லர். குறிப்பாக, மின்கலத் தொகுதி அமைக்க முன்வந்தோர் பலர் நிலமும் முதலும் தேடி வைத்திருந்தனர். அவர்கள் ஆயத்தமாயினும், நாட்டிற்கு வேண்டிய அளவினும் மின்கலத் திட்டங்கள் மிகுந்திருந்தமையால், அவர்களுட் பலர் பின்னுக்குத் தள்ளப்பட்டனர். ஆட்டத்தின் நடுவே விதியை மாற்றுதல் முறையன்று என்னும் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. நாளை மீண்டும் விதி மாறுமோ என அஞ்சுபவர் முதலீடு செய்யத் தயங்குவர் அல்லரோ?

மறுபுறத்து வாதத்திலும் உண்மை உண்டு. மின்தொகுப்பு வரிசையில் நிற்போர்க்கு மட்டும் உரிய சொத்தன்று. அதன் செலவு மின்கட்டணமாய் எளிய குடும்பங்கள்மீதும் விழுகின்றது. ஒருபோதும் எழாத நிலையங்களுக்காகக் கம்பிகள் இழுத்தால் அப்பொருள் வீணாகும்; எழவேண்டிய நிலையங்கள் எழாவிட்டால் நாடு தன் குறிக்கோளில் தவறும். ஆதலின், இருதரப்பையும் எண்ணியே விதி வகுக்கப்பட்டது. கட்டுமானத்தில் இருந்தவற்றிற்கும், இணைப்பு நாள் நெருங்கியவற்றிற்கும் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. ஆயத்தமானவற்றுள்ளும் யாரை முதலில் ஏற்பது என்னும் இடத்தில், பழைய வரிசை முறையும் ஓரளவு கருதப்பட்டது. 2025 டிசம்பரில் முடிவுகள் வெளியாயின. ஏறத்தாழ 280 ஜிகாவாட் அளவான ஆக்கமும் சேமிப்பும் புதிய வரிசையில் இடம் பெற்றன.

இச்சிக்கல் பிரிட்டனுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2023-ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 2,600 ஜிகாவாட் வரிசையில் நின்றதாக லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் கணக்கிட்டது. 2000 முதல் 2018 வரை விண்ணப்பித்த திட்டங்களுள் ஐந்தில் ஒரு பங்குகூட அதற்குள் இயங்கத் தொடங்கவில்லை. அங்கு விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாய் ஆராயப்பட்டன. நடுவே ஒருவர் விலகினால், பின்னிருந்தோர்க்கான கணக்கு முழுவதையும் மீண்டும் போட வேண்டியதாயிற்று. ஆதலின், அந்நாட்டு மைய எரிசக்தி ஒழுங்காணையம் 2023 ஜூலையில் புதிய ஆணை பிறப்பித்தது. அதன்படி, விண்ணப்பங்கள் தொகுதி தொகுதியாய் ஒருங்கே ஆராயப்படும், ஆயத்தமானவரே முன்செல்வர், வைப்புத்தொகையும் நில உரிமைச் சான்றும் வேண்டும், காரணமின்றி விலகுவோர் தண்டம் செலுத்துவர்.

இவ்வளவு செய்தும் பணி முடிந்ததாகக் கூற இயலாது. மின்சாரத்தை ஆக்குவோர் வரிசை ஒழுங்குபட்ட அதே காலத்தில், மின்சாரத்தைப் பேரளவில் வேண்டும் கணினித் தரவு மையங்களின் வரிசை பிரிட்டனில் நீளத் தொடங்கிற்று. அவற்றுள்ளும் உண்மை எது, நிழல் எது என்று ஆராய வேண்டிய நிலை தோன்றியுள்ளது. மேலும், வரிசையை எத்துணைச் செம்மையாய் ஒழுங்கு செய்தாலும், அது புதிய கம்பி ஒன்றையும் இழுத்துவிடாது. கோபுரம் ஒன்றையும் நாட்டிவிடாது. அவை மக்களின் இசைவாலும் தொழிலாளரின் உழைப்பாலும் ஆக வேண்டியவை.

வரிசை என்பது நீதியின் கருவியே அன்றி நீதியே அன்று. எல்லோரும் உண்மையோடு நிற்கும் வரையில் முந்தி வந்தவர்க்கு முதலிடம் தருவது அறமாகும். வேண்டாதவரும் இடம் பிடிக்கத் தொடங்கினால், அவ்வறமே உண்மையாய் வேண்டுவோர்க்குத் தடையாகிறது. அப்போது விதியைத் திருத்துதல் ஆள்வோர் கடன். திருத்துங்கால் நம்பி நின்றவரை இயன்றவரை காத்தலும் அவர் கடன். தனக்கு வேண்டாத இடத்தைப் பிடித்து வைக்காமை வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரின் கடனாகும். இம்மூன்றும் அமையும் நாட்டில், கடற்காற்று ஆக்கிய மின்சாரம் காலந்தவறாமல் வீடு வந்து சேரும்.