சோலார் தாமதம்: கோப்பு எந்த மேசையில் நிற்கிறது?

மாடியில் சோலார் போட முன்பணம் கொடுத்துவிட்டு, ‘அடுத்த வாரம் வருகிறோம்’ என்ற பதிலையே மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நம் மஹல்லாவிலும் இருக்கின்றன. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 என்று மானியம் கிடைக்கிறது. அதனால் ஆர்வம் கூடியிருக்கிறது. கூடவே தாமதமும்.

நம் ஊர் வெயிலுக்கு 3 கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்குச் சராசரியாக 12 யூனிட் தரும். ஒரு மாதம் தள்ளிப்போனால் சுமார் 350 யூனிட் வீண். அதைவிடப் பெரிய கவலை, பணம் முடங்குவது. வட்டிக்கு அஞ்சி வங்கிக் கடனைத் தவிர்ப்பவர்கள் சேமிப்பை எடுத்தோ, உறவினரிடம் கர்ழ் ஹஸனா வாங்கியோதான் இதைச் செய்கிறார்கள். வங்கிக் கடனில் வங்கியே பெரும்பாலும் நிறுவனத்துக்கு நேரடியாகப் பணம் செலுத்துவதால், கேள்வி கேட்க அங்கே ஓர் ஆள் இருக்கிறார். கைப்பணம் கொடுப்பவருக்கு அவர் கையில் இருக்கும் காகிதம்தான் துணை.

ஆகவே ‘இன்னும் வரவில்லை’ என்று பொதுவாகச் சலித்துக்கொள்ளாமல், கோப்பு இப்போது யார் மேசையில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். நம்மிடமா, நிறுவனத்திடமா, மின்வாரியத்திடமா? திட்டத்தின் இணையதளத்தில் விண்ணப்பத்தின் நிலையை நாமே பார்க்கலாம். ஆனால் பல வீடுகளில் நிறுவனத்தின் பையன் தன் செல்போன் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்துவிடுகிறார். பிறகு ஓ.டி.பி. முதல் எல்லாத் தகவலும் அவருக்கே போகும். பதிவில் உங்கள் எண்தான் இருக்க வேண்டும்.

நம் மேசையிலேயே நிற்கும் கோப்புகள்தான் அதிகம் என்பது என் எண்ணம். காரணம் பெயர். ஆதாரில் ‘முகமது’, மின் இணைப்பில் ‘முஹம்மது’, வங்கிப் புத்தகத்தில் முன்னெழுத்தே இல்லை. ஆங்கிலத்தில் இந்த ஒரு பெயருக்கு ஐந்தாறு எழுத்துக்கூட்டல் உண்டு. நமக்கு ஒரே ஆள். கணினிக்கு வெவ்வேறு ஆட்கள். மின் இணைப்பு, விண்ணப்பம், மானியம் வர வேண்டிய வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

இதைவிடக் கடினமானது, இணைப்பு இன்னும் மர்ஹூமான அத்தா பெயரிலோ பாட்டனார் பெயரிலோ இருப்பது. இரண்டு மாதத்துக்கொரு முறை பில் கட்டிவிடுவதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. பெயர் மாற்ற இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, சொத்து வரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று தேவைப்படும். வாரிசுச் சான்றுக்கே நாள் பிடிக்கும். எனவே நிறுவனத்தைத் தேடுவதற்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். முன்பணம் கொடுத்தபின் தொடங்கினால், அந்தத் தாமதத்துக்கு நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது.

பாகம் பிரிக்காத வீடு என்றால் மாடியும் எல்லா வாரிசுகளுக்கும் உரியது. கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும் சகோதரியின் ஹக்கும் அதில் உண்டு. சம்மதக் கையெழுத்து கேட்டுப் போகும்போதுதான், ‘இத்தனை வருஷமாக என்னை யாரும் கேட்கவில்லையே’ என்ற பேச்சு வருகிறது. நியாயமான பேச்சு அது. கையெழுத்தைக் கேட்பதற்கு முன் அவர் பங்கைப் பற்றிப் பேசிவிடுங்கள். பேனல்கள் இருபத்தைந்து ஆண்டுகள்வரை உழைக்கக்கூடியவை. பேனல் யாருடையது, கட்டணத்தில் மிச்சமாவது யாருக்கு, நாளை இன்னொரு சகோதரர் மேலே அறை கட்ட விரும்பினால் யார் செலவில் கழற்றுவது என்பதையும் ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுவது நல்லது.

அடுத்தது நிறுவனத்தின் மேசை. பொருளும் வேலையும் சேர்த்து இப்படி ஆர்டர் கொடுப்பதை ஃபிக்ஹில் ‘இஸ்திஸ்னா’ என்ற வகையில் வைத்துப் பார்க்கிறார்கள். ஸலம் வியாபாரத்தில் முழு விலையையும் முன்பே கொடுக்க வேண்டும். இஸ்திஸ்னாவில் தவணையாகக் கொடுக்கலாம். ஜித்தாவில் உள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1992-இல் நிறைவேற்றிய தீர்மானம், தவிர்க்க முடியாத காரணங்கள் நீங்கலாக, தாமதத்துக்கு அபராத நிபந்தனை சேர்க்கவும் இடம் தருகிறது. கடனைத் திருப்பித் தரத் தாமதமானதற்கு அபராதம் வாங்குவது வட்டி. ஒப்புக்கொண்ட வேலையை முடிக்கத் தாமதமானதற்கு விலையைக் குறைப்பது அதுவல்ல. இரண்டையும் ஒன்றென எண்ணி நிபந்தனையே போடாமல் விடுபவர்கள் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் இஸ்திஸ்னா தனி ஒப்பந்தமாகக் கருதப்படுவதில்லை என்பதால், அந்த மத்ஹபினர் தங்கள் ஆலிமிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் வேலை முடிய வேண்டிய தேதி இருக்கட்டும். பணத்தைக் கையெழுத்தாகும்போது ஒரு பங்கு, பேனலும் இன்வெர்ட்டரும் வீட்டில் வந்து இறங்கியதும் ஒரு பங்கு, பொருத்தி முடித்ததும் ஒரு பங்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். நெட் மீட்டர் மாட்டி ஓடத் தொடங்கும்வரை ஐந்தில் ஒரு பங்கையாவது கையில் வைத்திருங்கள். பேனல் மாட்டியவுடன் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டவர், மின்வாரியத்துக்கு உங்களுக்காக நடக்க அவசரப்படமாட்டார். இன்னொன்று: செல்லும் பேனலும் இந்தியாவிலேயே தயாரான டி.சி.ஆர். வகைக்குத்தான் மானியம். ‘அது ஸ்டாக் இல்லை, வேறு போட்டால் நாளைக்கே முடித்துவிடலாம்’ என்பார்கள். சம்மதித்தால் மானியம் போய்விடும். காத்திருப்பதே மேல். வடகிழக்குப் பருவமழையில் மாடி வேலை இழுத்தாலும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மின்வாரியத்தைப் பொறுத்தவரை, மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024-இல் செய்த திருத்தம் நமக்குச் சாதகமானது. 10 கிலோவாட் வரையிலான வீட்டு சோலாருக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். பொருத்தி முடித்ததைத் தெரிவித்தபின் இயக்கி வைப்பதற்கான காலமும் 30 நாளிலிருந்து 15 நாளாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. பிரிவு அலுவலகத்துக்குப் போகும்போது, வேலை முடிந்த தகவலை நிறுவனம் எந்தத் தேதியில் பதிவேற்றியது என்று தெரிந்துகொண்டு போங்கள். சில நேரம் நிறுவனம் ‘ஈ.பி.யில் நிற்கிறது’ என்று சொல்லும். அங்கே போனால் எதுவுமே வந்திருக்காது.

மீட்டர் மாற்றும்வரை பொறுமை இழந்து சோலாரை ஆன் செய்துவிடாதீர்கள். பழைய மீட்டர்களில் பல, வெளியே போகும் மின்சாரத்தையும் நாம் செலவழித்ததாகவே கணக்கிடும். கட்டணம் குறையும் என்று நினைத்தவர் கையில் ஏறிய பில் வரும். அனுமதியின்றி இயக்குவது விதிமீறலும்கூட. (மீட்டர் வந்தபிறகும், பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பு மின்வெட்டு நேரத்தில் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்க அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். பழுதல்ல.)

மானியம் அமைப்பு இயங்கத் தொடங்கியபின்தான் வரும், அதுவும் விண்ணப்பதாரர் கணக்குக்கு நேரடியாக. ‘மானியத்தைக் கழித்துக்கொண்டு கொடுங்கள், நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்’ என்ற பேச்சை நம்பாதீர்கள். வங்கி விவரத்தை இணையதளத்தில் நாமே உள்ளிட்டு, 30 நாள் கடந்தும் வராவிட்டால் திட்டத்தின் 15555 என்ற எண்ணில் கேட்கலாம்.

புகாரும் அந்தந்த மேசைக்குத்தான் போக வேண்டும். மின்வாரியத்தின் தாமதம் என்றால் மின்னகம் 94987 94987. அங்கே தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கு மேல் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர். நிறுவனத்தின் தாமதம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே முதலில் கேட்பது ஒப்பந்த நகலும் பணம் கொடுத்த ஆதாரமும்தான். ஆகவே முன்பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள்; ‘அடுத்த வாரம்’ என்று வந்த வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள்.