டேங்கர் கவிழ்ந்த இடத்தில் வெளியேற்ற வட்டம் போடுமுன்

1. முதலில் எண். டேங்கரின் அபாயப் பலகையில் நாலு இலக்க ஐ.நா. எண் இருக்கும். 1075 சமையல் கேஸ், 1017 குளோரின், 1005 அம்மோனியா, 1203 பெட்ரோல். தூரத்தில் நின்று பைனாகுலரில் படியுங்கள். கிட்டே போகாதீர்கள்.

2. கேஸ் டேங்கர் கசிந்தால் சுற்றிலும் குறைந்தது 100 மீட்டர் உடனே காலியாக வேண்டும். கசிவு பெரிது என்றால் காற்று போகும் பக்கம் 800 மீட்டர். டேங்கரில் தீப் பிடித்துவிட்டால் எல்லாத் திசையிலும் 1600 மீட்டர். வட அமெரிக்க அவசரகாலக் கையேடு சொல்லும் அளவு இது, மனப்பாடமாக இருக்கட்டும்.

3. தரையின் சரிவைக் கால்நடையாகப் போய்ப் பாருங்கள். இதைத்தான் நான் தாமதமாகக் கற்றேன். ஒருமுறை கேஸ் டேங்கர் கசிந்தபோது காற்றை நம்பிக் கிழக்கே கோடு போட்டுவிட்டேன். கேஸ் காற்றைவிடக் கனமானது. ரோட்டோரச் சாக்கடையில் இறங்கி, மேற்கே இருந்த கல்வெர்ட் வாயில் வெள்ளை மூட்டமாக எழுந்தது. பத்தடி தள்ளி ஒரு டீக்கடை. கடைக்கார அம்மா நாற்றம் பட்டதுமே அடுப்பில் மண்ணை வாரிக் கொட்டியிருந்தார். அன்று எங்களைக் காப்பாற்றியது என் வரைபடம் அல்ல, அவர். இன்னொன்று: அந்த மூட்டம் காற்றின் ஈரம் குளிர்ந்து தெரிவது. மூட்டம் முடிகிற இடத்தைத் தாண்டியும் தீப்பற்றும்.

4. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு படம் வரையுங்கள். இரவில் காற்று கலங்காமல் படுத்துக் கிடக்கும். விஷவாயு கலையாது. 2005 ஜனவரி 6 அன்று, விடியுமுன், அமெரிக்காவின் கிரானிட்வில்லில் ரயில் மோதிக் குளோரின் கசிந்தது. 9 பேர் இறந்தார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது.

5. கசிந்த வாயு எவ்வளவு தூரம் பரவும் என்று கணக்கிடும் அலோஹா மென்பொருளைப் பழகுங்கள். ஆனால் அது மேடு பள்ளம் பார்க்காது; காற்று அசையாத நேரத்தில் அதன் கணக்கை நம்ப முடியாது.

6. ஆட்களைக் குறியுங்கள். 2025 ஜனவரியில் கோவை அவிநாசி ரோடு மேம்பாலத்தில் கேஸ் டேங்கர் கவிழ்ந்தபோது பக்கத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். அப்படி ஒரு காலையில் தலைமையாசிரியரின் போன் நம்பர் உங்கள் படத்திலேயே இருக்க வேண்டும். கல்யாண மண்டபத்தையும் விடாதீர்கள்: சாதாரண நாளில் அங்கே வாட்ச்மேன் மட்டும், முகூர்த்த நாளில் ஆயிரம் பேர். எழுந்து நடக்க முடியாத பெரியவர்கள் எந்தெந்த வீட்டில் என்று அங்கன்வாடி டீச்சருக்குத் தெரியும். கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

7. எல்லைக்கு ஊரில் வழங்கும் பேரைப் போடுங்கள். நடுராத்திரியில் கயிறு கட்டப் போகும் காவலரிடம் வயர்லெஸ்ஸில் "எண்ணூறு மீட்டர்" என்றால் இருட்டில் எதை வைத்து அளப்பார்? "ரேஷன் கடை முக்கு" என்றால் நேரே போய் நின்றுவிடுவார்.