வெளுத்ததெல்லாம் தும்பையா?

வெளுத்ததெல்லாம் பாலாகாது என்பர் நம் முன்னோர். அம்முதுமொழி செடிகளுக்கும் பொருந்தும். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஓய்ந்தபின் செம்பட்டியிலிருந்து எத்திசையில் நடந்தாலும், வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் சாலையோரத்திலும் சிறுசிறு வெள்ளைப் பூக்களுடன் செடிகள் நிற்பதைக் காணலாம். "இது என்ன செடி?" என்று கேட்டுப் பாருங்கள். "ஏதோ வெள்ளைப் பூப் பூக்கிற களை" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும்.

மாணவியரே, அந்த விடை போதாது. அவ்வாறு நிற்பவற்றுள் ஒன்று நம் இலக்கணத்திலேயே இடம் பெற்ற செடி. மற்றொன்று வீட்டு மருந்து. இன்னொன்று தோலையும் மூச்சையும் வருத்தும் நச்சுக்களை. மூன்றுக்கும் பூ வெள்ளைதான். எனவே நிறத்தை மட்டும் கொண்டு ஒரு செடியைப் பிடுங்குவதோ, பறித்துத் தலையில் சூடுவதோ தவறாக முடியலாம். சரியாக இனங்காணும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

அகன்ற இலைக்களை என்பது யாது?

வேளாண்மை நூல்கள் களைகளைப் புல் வகை, கோரை வகை, அகன்ற இலை வகை என மூன்றாகப் பிரிக்கின்றன. புல்லுக்கும் கோரைக்கும் இலை நரம்புகள் இணையாக ஓடும். அகன்ற இலைக்களைகளில் நரம்புகள் வலைபோல் பின்னியிருக்கும். விதை முளைக்கும்போது பெரும்பாலும் இரண்டு வித்திலைகள் தோன்றும். இங்கே "அகன்ற" என்பது வகையின் பெயரேயன்றி அளவைக் குறிப்பதன்று. தும்பையின் இலை குறுகலானது. ஆயினும் அது அகன்ற இலை வகையையே சேரும். இவற்றுள் ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, விதை தந்து மடிபவற்றை ஒருபருவச் செடிகள் என்கிறோம்.

நான்கு கேள்விகள்

புதிய செடி ஒன்றைக் கண்டவுடன் பூவைப் பார்க்கும் முன் கீழிருந்து மேலாகப் பார்த்து வாருங்கள். நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. தண்டு உருண்டையா, சதுரமா, வரிப்பள்ளம் உடையதா?
2. இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக உள்ளனவா, மாறிமாறி ஒவ்வொன்றாக உள்ளனவா?
3. இலை விளிம்பு முழுமையானதா, பல்லுடையதா, ஆழமாக வெட்டுண்டதா?
4. பூவாகத் தெரிவது ஒரே பூவா, பல சிறு பூக்கள் கூடிய பூந்தலையா?

இந்த நான்கு கேள்விகளுடன் நம் ஊர்ச் செடிகள் நான்கை அணுகுவோம்.

தும்பை

தும்பையின் தண்டு நாற்கோணமானது. இலைகள் எதிரெதிராக அமைந்தவை, ஒடுங்கிய வடிவின. பூக்கள் கணுக்களைச் சுற்றிக் கொத்தாகத் தோன்றும். ஒரு பூவைத் தனியே எடுத்துப் பார்த்தால் மேலுதடு சிறியதாய், மென்மயிர் போர்த்து வளைந்திருக்கும். கீழுதடு பெரியதாய் விரிந்து நாக்குப்போல் தொங்கும். மகரந்தத்தாள்கள் நான்கு, அவற்றுள் இரண்டு நீளம், இரண்டு குட்டை. சதுரத் தண்டு, எதிரிலை, ஈருதட்டுப் பூ ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது பெரும்பாலும் துளசிக் குடும்பமாக இருக்கும். துளசிச் செடியையும் தும்பைச் செடியையும் அருகருகே வைத்துப் பாருங்கள், உறவு விளங்கும்.

தூய வெண்மைக்கு உவமையாகத் "தும்பைப் பூப்போல" என்று இன்றும் நம் வீடுகளில் கூறுகிறோம். தொல்காப்பியம் புறத்திணையியலில் தும்பையை ஒரு திணையாகவே வைத்துள்ளது. தம் வீரத்தை நிலைநாட்ட இரு படையினர் களத்தில் எதிர்நின்று பொருவதே தும்பைத் திணை. வீரர்க்கு அடையாளமான மலர் இன்று நம் வரப்பில் களையாக நிற்கிறது!

கரிசலாங்கண்ணி

கையாந்தகரை என்றும் இதனைக் கூறுவர். வயல் வரப்பு, வாய்க்கால் ஓரம் போன்ற ஈரமான இடங்களில் வளரும். தண்டு உருண்டையானது. இலைகள் எதிரெதிரானவை, காம்பு இல்லாதவை போலத் தோன்றும், தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். பூவாகத் தெரிவது உண்மையில் ஒரு பூந்தலை. அதாவது பல நுண்ணிய பூக்கள் ஒரு தட்டின்மேல் நெருங்கி அமர்ந்துள்ளன. இதனைச் சிரமஞ்சரி என்று தாவரவியலில் படித்திருப்பீர்கள். ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கதிர்மலர்கள் பல இருக்கும். இச்செடிக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. தண்டைக் கசக்கினால் சாறு சற்று நேரத்தில் கறுக்கும். தலைமுடித் தைலத்திலும் கண்மை தயாரிப்பதிலும் இது பயன்படுவதை உங்கள் பாட்டிமார் அறிவர்.

தாத்தாப்பூ

இதனை வெட்டுக்காயப் பூண்டு என்றும் அழைப்பர். தரையோடு படரும். நீண்ட, இலையற்ற காம்பின் நுனியில் ஒற்றைப் பூந்தலை நிற்கும். நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெளிறிய வெண்மை. ஒவ்வொரு கதிர்மலரின் நுனியும் மூன்று பல்லாகப் பிளந்திருக்கும். முற்றிய விதைகள் பஞ்சுபோன்ற மயிருடன் காற்றில் பறக்கும். இது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த செடி. ஆனாலும் நம் ஊரில் காயத்துக்குப் பச்சிலையாகிவிட்டது. வெளிநாட்டுச் செடி எல்லாம் தீயது என்ற முடிவுக்கு நாம் வந்துவிடக் கூடாது என்பதற்கு இது சான்று.

பார்த்தீனியம்

இனி நாம் எச்சரிக்கையுடன் அறிய வேண்டிய செடிக்கு வருவோம். இதுவும் அமெரிக்க நாட்டுச் செடியே. தண்டில் நெடுக வரிப்பள்ளங்கள் ஓடும், மென்மயிர் இருக்கும். இலைகள் மாறிமாறி அமைந்தவை. காரட் இலைபோல ஆழமாக வெட்டுண்டவை. இதனால் இதற்குக் "காரட் புல்" என்றொரு பெயரும் உண்டு. ஆனால் இது புல்லே அன்று. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த அகன்ற இலைக்களை.

பூந்தலைகள் மிகச் சிறியவை. ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலமே உடையவை. செடியின் உச்சியில் பல கிளைகளாகப் பிரிந்து, வெள்ளைப் பொட்டுகளைத் தூவினாற்போல் நிற்கும். ஒரு பூந்தலையை உருப்பெருக்கியில் பார்த்தால் ஓரத்தில் ஐந்து கதிர்மலர்கள் தெரியும். அவ்வைந்தும் ஐந்து விதைகளைத் தரும். நடுவிலுள்ளவை மகரந்தம் மட்டுமே தரும்.

பூக்கும் முன் இதனை அறிவது எவ்வாறு? இளஞ்செடியின் இலைகள் தரையோடு ஒட்டி வட்டமாக விரிந்திருக்கும். செண்டுமல்லி நாற்றின் இலையும் பிளவுபட்டதே என்பதால் பூந்தோட்டங்களில் குழப்பம் நேரலாம். செண்டுமல்லி தொடக்கத்திலிருந்தே தண்டு விட்டு நிமிரும். அதன் இளம் இலைகள் எதிரெதிராக இருக்கும். பார்த்தீனியம் முதலில் படுத்துக் கிடந்து, பின்னரே தண்டு உயர்த்தும். இந்த ஒரு வேறுபாட்டை உங்கள் பெற்றோருக்கும் காட்டுங்கள்.

ஏன் இவ்வளவு கவனம்?

பார்த்தீனியத்தில் பார்த்தெனின் என்னும் வேதிப்பொருள் உள்ளது. அது சிலருடைய தோலில் ஒவ்வாமையை உண்டாக்குகிறது. கண்ணிமை, முகம், கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் அரிப்பும் தடிப்பும் தோன்றும். மகரந்தத்தால் தும்மலும் மூச்சிரைப்பும் வரலாம். முதல் நாள் தொட்டவுடனேயே இது வரவேண்டும் என்பதில்லை. பல மாதங்கள் வெறுங்கையால் களை எடுத்து ஒன்றும் நேராதவருக்கும், பின்னொரு நாள் உடல் அதனை ஏற்க மறுக்கக் கூடும். நம்மில் பலருடைய அன்னையர் களை எடுக்கும் வேலைக்குச் செல்பவர்கள். வெயிலால் வந்த அரிப்பு என்று எண்ணி அவர்கள் அதே வேலைக்குத் திரும்பினால் நோய் வளரும். இது தொற்றுநோய் அன்று. ஆயினும் செடியிலிருந்து விலகுவதும் தோல் மருத்துவரிடம் காட்டுவதும் இன்றியமையாதவை.

மாடுகள் இச்செடியை விரும்புவதில்லை. தீவனம் இன்றி இதனைத் தின்ன நேர்ந்தால் பாலில் கசப்பு ஏறும்.

வந்ததும் பரவியதும்

இந்தியாவில் இக்களை 1955-இல் புனேயில் கண்டறியப்பட்டது. இறக்குமதியான கோதுமையுடன் விதை வந்திருக்கலாம் என்பர். அதன்பின் நாடெங்கும் பரவிவிட்டது. நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000 விதைகளுக்கு மேலும் தர வல்லது. ஒரு பூந்தலைக்கு ஐந்து விதை எனில் 15,000 விதைக்கு 3,000 பூந்தலைகள் வேண்டும். ஒரு செடியின் உச்சியைப் பார்த்தால் அக்கணக்கு மிகையன்று என்பது புரியும். விதைக்குப் பறக்கும் பஞ்சு இல்லை. ஆயினும் மிக நுண்ணியது; சேற்றிலும் நீரிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிச் செல்லும். திண்டுக்கல், வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் எனப் பல ஊர்ச் சாலைகள் கூடும் செம்பட்டி போன்ற ஊரில், சாலையோர மண்ணே அதற்கு வாய்ப்பான இடம்.

இதனைத் தின்னும் வண்டு ஒன்று உண்டு. மெக்சிகோவிலிருந்து 1983-இல் பெங்களூருக்குக் கொணர்ந்து சோதித்து, 1984-இல் வெளியில் விட்டனர். வெளிறிய முதுகில் பழுப்புக் கோடுகள் உடையது. மழைக்காலத்தில் இலைகளைத் தின்று செடியை மெலியச் செய்யும். வறட்சியில் மண்ணுக்குள் ஒடுங்கிவிடும். ஆகவே மழை குறைந்த நம் சமவெளியில் வண்டை மட்டும் நம்பியிருக்க இயலாது. பார்த்தீனியத்தில் அவ்வண்டைக் கண்டால் கொல்லாதீர்கள்.

அகற்றும் முறை

பூக்கும் முன் அகற்றுவதே முதல் விதி. மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது வேருடன் பிடுங்க வேண்டும். கையுறை அணிய வேண்டும். அது இல்லையேல் கெட்டியான பிளாஸ்டிக் பைகளைக் கைகளில் கட்டிக்கொள்ளலாம். முழுக்கைச் சட்டை அணிவதும், மூக்கையும் வாயையும் துணியால் மூடுவதும் நலம். வேலை முடிந்ததும் கைகால்களைச் சோப்பிட்டுக் கழுவி உடை மாற்றுங்கள். பூக்காத செடியை மக்க வைத்து உரமாக்கலாம். பூத்த செடியை உரக்குழியில் போட்டால் விதையை நாமே வயலுக்குக் கொண்டு சேர்த்தவராவோம். ஆஸ்துமா உள்ளவர்களும், ஏற்கெனவே அரிப்பு உள்ளவர்களும் இவ்வேலையில் சேர வேண்டாம். ஜபல்பூரிலுள்ள களை ஆராய்ச்சி இயக்ககம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நடத்துகிறது. மழைக்குமுன் தொடங்கும் அவ்வாரம் நம் பள்ளி வளாகத்தைச் சுற்றிப் பார்க்கவும் ஏற்றது.

ஒன்றை மறவாதீர்கள். வெள்ளைப் பூவைக் கண்டதெல்லாம் பிடுங்கினால் தும்பையும் கரிசலாங்கண்ணியும் சேர்ந்து அழியும். ஒன்றையும் பிடுங்காமல் விட்டால் பார்த்தீனியம் அவற்றின் இடத்தைப் பற்றிக்கொள்ளும். இனங்கண்ட பிறகே கை நீள வேண்டும்.

பயிற்சி

1. தண்டு சதுரம், இலை எதிரெதிர், பூ ஈருதடு. செடி எது?
2. தண்டில் வரிப்பள்ளம்; இலை வெட்டுண்டு மாறிமாறி; பூந்தலையில் ஐந்து கதிர்மலர்கள். செடி எது?
3. கசக்கினால் சாறு கறுக்கும். இடம் வாய்க்கால் ஓரம். செடி எது?
4. உலர் தாவரத் தொகுப்புக்கு இவற்றுள் எதனைப் பறிக்காமல், படமாக மட்டும் வரைய வேண்டும்? ஏன்?

விடைகளை எழுதியபின், வீட்டுக்குச் செல்லும் வழியில் பத்துச் செடிகளை மேற்கண்ட நான்கு கேள்விகளால் சோதித்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். கண்ணால் பார்த்து எழுதினால் போதும். பெயர் உறுதியாகாத செடியைத் தொட வேண்டாம். அக்குறிப்பை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். ஐயமுள்ளவற்றைச் சேர்ந்து பார்ப்போம்.