பாதி பாட் ஜெயிச்சா லாபமா? லைவ் ஒமாஹா ஹை-லோ மேசையில உட்காரும் முன்னாடி ஒரு கணக்கு



நம்ம சேனலை விடாம பார்க்கிற தூத்துக்குடி தம்பி ஒருத்தர் இருக்கார். ஷிப்பிங் ஏஜென்சியில வேலை, வயசு 26. கம்பெனி அவரை ஆறு மாசத்துக்கு லாஸ் ஏஞ்சலஸ் அனுப்புது. போன்ல கேட்டார்: "அண்ணே, அங்க கார்டு ரூம்ல 4/8 லிமிட் ஒமாஹா ஹை-லோ ஓடுதாம். சின்ன ஸ்டேக்தான். ஆப்ல ஆடி நான் லாபம் பார்த்தவன்லா? சனிக்கிழமை தோறும் உட்கார்ந்தா எஜுகேஷன் லோனை முடிச்சிரலாம்லா?"

ஆப் கதை உங்களுக்குத் தெரியும். 2025 ஆகஸ்ட் 22-ல் ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்த மத்திய சட்டம், பணம் கட்டி ஆடுற ஆன்லைன் கேம்களை மொத்தமா தடை பண்ணிடுச்சு. திறமை விளையாட்டா, அதிர்ஷ்ட விளையாட்டாங்கிற வாதமே அதுல கிடையாது. அதனால இப்ப நிறைய பேர் கண்ணு நேரடி கேசினோ பக்கம் போகுது. கோவாவுல பெரும்பாலும் நோ லிமிட் ஹோல்டமும் பாட் லிமிட் ஒமாஹாவும்தான். தம்பி சொல்ற லிமிட் ஹை-லோவுக்கு ஊர்னா அது கலிஃபோர்னியா, லாஸ் வேகஸ் பக்கம்.

ஆட்டம் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. கையில 4 கார்டு, மேசையில 5. கையிலிருந்து கண்டிப்பா 2, மேசையிலிருந்து 3 எடுத்துத்தான் ஐந்து சேர்க்கணும். பாட், அதாவது நடுவுல சேர்ற பணம், ரெண்டா பிரியும். பாதி பெரிய கைக்கு, பாதி சின்ன கைக்கு. சின்ன கைன்னா 8-க்கு மேல போகாத, ஒண்ணுக்கொண்ணு வேறான ஐந்து கார்டு. மேசையில அப்படி மூணு சின்ன கார்டு வரலைன்னா பெரிய கையே முழுசையும் அள்ளிக்கும். 4/8-ன்னா முதல் ரெண்டு சுற்று 4 டாலர், அடுத்த ரெண்டு சுற்று 8 டாலர்.

இப்ப கணக்கு. நாலு சுற்றும் ஒரே ஒரு பெட் மட்டும் போனா ஒருத்தர் போடுறது 24 டாலர். ஹவுஸ் எடுக்கிறது 5, ஜெயிச்சவர் டீலருக்கு வைக்கிற டிப் 1, ஆக 6 டாலர் வெளிய போகுதுன்னு வைங்க (இடத்துக்கு இடம் மாறும்). மூணு பேர் கடைசி வரை வந்தா பாட் 72, கழிச்சது போக 66. முழுசா அள்ளினா உங்க லாபம் 42. பாதி வந்தா 33, லாபம் வெறும் 9. பாதி பாட்னா பாதி லாபம்னுதான் நாம நினைப்போம். ஆனா முழு பாட் லாபம் நாலரை மடங்குக்கும் மேல!

இதுல இன்னொரு பள்ளம் இருக்கு. கையில ஏஸ்-2 வச்சிருக்கீங்க, சின்ன கைக்கு அதைவிட மேல எதுவும் இல்லை. ஆனா எதிர்ல இருக்கவரும் அதே ஏஸ்-2. பெரிய கை மூணாமவருக்கு. அப்ப உங்களுக்குக் கால் பங்குதான், 16.50. போட்டது 24. டீலர் சிப்ஸைத் தள்ளிவிடுறார், நீங்க "ஜெயிச்சீங்க", ஏழரை டாலர் நஷ்டம் (ஏழரைன்னு வந்தது நான் திட்டம் போட்டதில்ல). நாலு பேர் இருந்தாக்கூட கால் பங்கு 22.50, அப்பவும் நஷ்டம். அஞ்சாவது ஆள் உள்ள வந்தாத்தான் தப்பிப்பீங்க. ரெண்டே பேர் நின்னு பாதிப் பாதி பிரிச்சா? பாட் 48, கழிச்சா 42, ஆளுக்கு 21. ரெண்டு பேருமே 3 டாலர் தோத்துட்டு எழுந்திருக்கீங்க.

ஆப்ல ஆடினவங்க லைவ்ல மாத்திக்க வேண்டியது எல்லாம் இதிலிருந்துதான் வருது. சின்ன ஸ்டேக் மேசையில 4 டாலருக்கு பயந்து யாரும் ஃபோல்டு பண்ண மாட்டாங்க. அஞ்சாறு பேர் கூட வருவாங்க. ப்ளஃப் பண்ணினா பெரிய கைக்காரரையும் சின்ன கைக்காரரையும் சேர்த்துத் துரத்தணும், நடக்காது. அஞ்சாறு பேர் இருக்கிற இடத்துல ரெண்டாந்தர ஃப்ளஷ், ரெண்டாந்தர சின்ன கை எல்லாம் காசை அடுத்தவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற வண்டி. ரெண்டு பக்கமும் போகக்கூடிய கைதான் வேணும்: ஏஸ்-2 கூட ஒரு 3, ஏஸோட அதே சூட்ல இன்னொரு கார்டு. அந்த 3 ஏன்னா, மேசையில ஒரு 2 விழுந்துட்டா உங்க ஏஸ்-2 அங்கேயே செத்துடும், 3 இருந்தா பிழைச்சுக்கலாம். 6-7-8-9 பார்க்க அழகா இருக்கும். தூக்கிப் போடுங்க.

ஆப்ல கம்ப்யூட்டரே உங்க கையைப் படிச்சுக் காட்டிச்சு, லைவ்ல நீங்கதான் படிக்கணும். கடைசியில நாலு கார்டையும் நிமிர்த்தி மேசையில வைங்க, டீலர் பாட்டைத் தள்ளி முடிக்கிற வரை கையைவிட்டு விடாதீங்க. சின்ன கை இருக்கிறதே தெரியாம கார்டைத் தூக்கிப் போடுறது புதுசா வர்றவங்களுக்குச் சகஜம்.

அப்புறம் வேகம். ஆப்ல நாலு மேசை, மேசைக்கு மணிக்கு 60 கை, ஆக 240. லைவ்ல ஒரே மேசை, 30 கை. அதுல நீங்க ஆட வேண்டியது ஆறேழு. மீதி நேரம் சும்மா உட்காரணும். போர் அடிக்குதேன்னு ஆடுற எட்டாவது கைதான் அன்னிக்கு லாபத்தைத் தின்னும்.

அந்த 30 கையில கையொண்ணுக்கு 6 டாலர்னா மணிக்கு 180 டாலர் மேசையை விட்டுப் போகுது. ஒன்பது பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 20. ஆறு மணி நேரத்துக்கு 120. டாலர் 90 ரூபாய்னு வச்சா 10,800 ரூபாய். இது தப்பா ஆடின நஷ்டம் இல்ல, எல்லார் மாதிரியும் ஆடினா ஆகுற செலவு. அதையும் தாண்டி மணிக்கு ஒரு பெரிய பெட், 8 டாலர், எடுக்கிறவர் நல்ல ஆட்டக்காரர். ராத்திரிக்கு 48 டாலர். போக வர டாக்ஸி காசைக் கழிச்சுக்கோங்க.

"முதல் ரெண்டு வாரம் ஜெயிச்சா தெரிஞ்சிரும்லாண்ணே?"ன்னார் தம்பி. தூத்துக்குடிக்காரருக்கு முத்துச்சிப்பி கணக்கிலேயே பதில் சொன்னேன். இந்தக் கரையில 1955 முதல் 1961 வரை அரசாங்கமே முத்துக்குளிப்பு நடத்துச்சு. சிப்பியைத் திறக்காமலேயே ஏலம் விடுவாங்க. உள்ள முத்து இருக்கா இல்லையான்னு வாங்கினவருக்கும் தெரியாது, வித்தவருக்கும் தெரியாது. ஆனா வித்தவருக்குக் காசு வந்துடும். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில 1905-ல் மறிச்சுக்கட்டியில சுமார் 8 கோடி சிப்பி எடுத்தாங்க, அரசுக்கு வருமானம் 25 லட்சம் ரூபாய்க்கு மேல. அப்பேர்ப்பட்ட வருஷத்துக்கு அடுத்து, 1906-ல், லண்டன் முதலீட்டாளர்களோட கம்பெனி ஒண்ணு அந்த முத்துப் படுகைகளை 20 வருஷக் குத்தகைக்கு எடுத்துச்சு. 1907-க்கு அப்புறம் 1925 வரை அங்க முத்துக்குளிப்பே நடக்கல.

தம்பியோட ஆறு மாசத்துல 25 சனிக்கிழமை வரும். சனிக்கு 180 கைன்னா மொத்தம் 4,500 கை. ஆப்ல அதை 19 மணி நேரத்துல முடிச்சிருப்பார். அவ்வளவுதான் மாதிரி. நல்லா ஆடியும் நஷ்டத்துல முடியலாம், மோசமா ஆடியும் லாபத்துல முடியலாம்.

வரியை விட்டுடக் கூடாது. இந்தியாவுல குடியிருப்பவர்னு கணக்காகுற வருஷத்துல வெளிநாட்டுல ஜெயிச்சதும் இங்க வருமானம்தான். சீட்டாட்ட வெற்றிக்கு நேரடியா 30 சதவீதம், செஸ் சேர்த்து 31.2. தோத்ததைக் கழிக்க முடியாது. வருஷத்துல 5,000 டாலர் ஜெயிச்சு 5,000 டாலர் தோத்தா கையில பூஜ்யம், வரி 1,560 டாலர். போறதுக்கு முன்னாடி உங்க குடியிருப்பு நிலை என்னன்னு ஆடிட்டரைக் கேட்டுக்கோங்க.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். இந்த ஆட்டத்துக்கு 300 பெரிய பெட், அதாவது 2,400 டாலர், தனியா இருக்கணும்னு ஆட்டக்காரங்க சொல்வாங்க. ரூபாய்க்கு 2,16,000. அவர் லோன் பாக்கியே 2,80,000. அந்தப் பணம் கையில இருந்தா லோனுக்குக் கட்டுங்க. ஆசைக்கு உட்காரணும்னா மாசம் ஒரு சனி, 150 டாலர், சினிமா செலவு கணக்குல எழுதுங்க. அந்தக் காசு சம்பளத்திலிருந்து வரட்டும், அலவன்ஸைத் தொடாதீங்க. ஏ.டி.எம். கார்டை ரூம்லயே வச்சுட்டுப் போங்க.

கொஞ்ச நேரம் பேசாம இருந்தவர், "அப்ப அலவன்ஸ்ல மாசம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்ணே?"ன்னு கேட்டார். அந்தக் கணக்கை அடுத்த வீடியோவுல போடுறேன்.