கோட் எழுதும் முன்: மென்பொருள் ஸ்டார்ட்அப் ஐடியாவைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அக்கம்பக்கத்தார் ஏணி, டிரில்லிங் மெஷின் போன்றவற்றை ஒருவருக்கொருவர் வாடகைக்கு விட்டுக்கொள்ள ஓர் ஆப். யாரிடம் சொன்னாலும் "அட, நல்ல ஐடியாவா இருக்கே" என்பார்கள். அமெரிக்காவில் 2010 வாக்கில் ஸ்னாப்குட்ஸ் போன்ற நிறுவனங்கள் இதைச் செய்தும் பார்த்தன. பத்திரிகைகள் பாராட்டின, பயன்படுத்தத்தான் ஆளில்லை. சுவரில் இரண்டு ஓட்டை போடுவதற்காக ஆப்பைத் திறந்து, பணம் கட்டி, முன்பின் தெரியாதவர் வீட்டுக்குப் போய் மெஷினை வாங்கி, சாயங்காலம் திருப்பிக் கொடுக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? நம்மூரில் ஃபேன் மாட்ட வரும் எலக்ட்ரீஷியன் மெஷினைக் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்.

கோடிங் மோசமாக இருந்து மூடிய நிறுவனங்களைவிட, கேட்க இனிப்பான, ஆனால் யாருக்கும் அவசரமில்லாத ஒன்றைக் கட்டி மூடியவையே அதிகம் என்பது என் கணிப்பு. கீழே உள்ள படிகள் எல்லாம் முதல் வரி கோட் எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியவை.

படி 1: ஒட்டுப்போட்டு ஓடும் வேலையைத் தேடுங்கள்

மொட்டை மாடியில் உட்கார்ந்து யோசித்தால் எல்லோருக்கும் வரும் ஐடியாதான் உங்களுக்கும் வரும். அதைவிட, மக்கள் எப்படியோ சமாளித்துக்கொண்டிருக்கும் ஒரு வேலையைக் கண்டுபிடியுங்கள். நோட்டில் எழுதி, அதையே எக்செல்லில் மறுபடி அடித்து, வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டு, அதுவும் போதாமல் போன் செய்து உறுதிப்படுத்துகிறார்கள் என்றால், அந்த வேலை அவர்களுக்கு முக்கியம் என்பது நிரூபணமாகிவிட்டது.

டாலி என்ற கணக்கு மென்பொருள் அப்படித்தான் பிறந்தது. ஷ்யாம் சுந்தர் கோயங்கா ஆலைகளுக்கு மூலப்பொருளும் உதிரிபாகங்களும் விற்றுவந்தவர். தன் வியாபாரக் கணக்குக்குத் தோதான மென்பொருள் சந்தையில் கிடைக்கவில்லை. மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986-ல் நிறுவனம் தொடங்கியது. இன்று கணக்காளர் வேலைக்குப் போகும் எவரிடமும் கேட்கப்படும் முதல் கேள்வி "டாலி தெரியுமா?" என்பதுதான். அலுவலகக் குழுக்கள் பேசிக்கொள்ளும் ஸ்லாக் ஆப்பின் கதையும் ஏறக்குறைய இதே ரகம். கிளிட்ச் என்ற இணைய விளையாட்டைத் தயாரித்த குழு, தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு கருவியைச் செய்து வைத்திருந்தது. விளையாட்டு 2012-ல் மூடப்பட்டது. கருவி அடுத்த ஆண்டே வெளியில் வந்து பெரிய நிறுவனமாயிற்று.

நீங்கள் எங்கே தேடுவது? உள்ளே நுழைந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வழியிருக்கும் இடத்தில். மாமாவின் மருந்துக்கடை, அக்கா வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டர், நண்பரின் பனியன் கம்பெனி என எதுவானாலும் சரி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி நிட்டிங்கிலிருந்து டையிங்குக்கும், அங்கிருந்து துணியைச் சுருக்கிச் சீராக்கும் காம்பாக்டிங்குக்கும், பிறகு கட்டிங்குக்கும் போகிறது. பெரும்பாலும் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளிடம். ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு சலான். ஒவ்வொரு இடத்திலும் எடை கொஞ்சம் மாறும். இப்போது யாரிடம் எத்தனை கிலோ நிற்கிறது என்பதற்குப் பதில் அநேகமாக ஒரு மேனேஜரின் தலைக்குள் இருக்கும். அவர் லீவு போடும் நாளில் அந்தக் கம்பெனிக்குப் போய்ப் பாருங்கள்.

படி 2: "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள்

நம் ஊரில் முகத்துக்கு நேரே "தேறாது" என்று சொல்லமாட்டார்கள். காபி கொடுத்து, "செய்ங்க தம்பி, நல்லா வரும்" என்று அனுப்பிவைப்பார்கள். ராப் ஃபிட்ஸ்பாட்ரிக் 2013-ல் எழுதிய 'தி மாம் டெஸ்ட்' முழுக்க இந்தச் சிக்கலைப் பற்றியது: பெற்ற தாய்கூடப் பொய் சொல்ல முடியாதபடி எப்படிக் கேட்பது?

உங்கள் ஐடியாவைப் பற்றி வாயே திறக்காதீர்கள். நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக எப்போது சரக்குக் கணக்கு உதைத்தது? அன்றைக்கு என்ன செய்தீர்கள்? எத்தனை பேர், எவ்வளவு நேரம், எவ்வளவு நஷ்டம்? இதைச் சரிசெய்ய இதற்கு முன் ஏதாவது வாங்கிப் பார்த்தீர்களா? கடைசிக் கேள்விதான் தங்கம். வாங்கிப் பார்த்து ஏமாந்தவர் உங்கள் வாடிக்கையாளர். தேடிக்கூடப் பார்க்காதவருக்கு உண்மையில் வலிக்கவில்லை.

படி 3: பணப்பையைத் திறப்பவர் யார்?

பயன்படுத்துபவர் ஒருவர், பணம் தருபவர் வேறொருவர் என்பது அடிக்கடி நடக்கும். ரெட்பஸ்ஸைப் பாருங்கள். 2005 தீபாவளிக்கு பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போக பஸ் டிக்கெட் கிடைக்காத பணீந்திர சாமா, நண்பர்களோடு சேர்ந்து முதலில் யோசித்தது பஸ் உரிமையாளர்களுக்கான மென்பொருள். அவர்கள் ஆர்வம் காட்டவில்லை. சீட்டை விற்றுக் கொடுங்கள், கமிஷன் தருகிறோம் என்பதுதான் அவர்களுக்குப் புரிந்த பேச்சு. 2006-ல் ரெட்பஸ் டிக்கெட் விற்கத் தொடங்கியது: பயன்படுத்துபவர் பயணி, கமிஷன் தருபவர் பஸ் உரிமையாளர். உரிமையாளர்களுக்கான மென்பொருளையும் பிற்பாடு அதே நிறுவனம் விற்றது என்பது வேடிக்கை.

படி 4: முதல் ஆள் தனியாக வந்தால் என்ன கிடைக்கும்?

கலர் என்ற புகைப்பட ஆப் 2011-ல் வெளிவரும் முன்பே 4.1 கோடி டாலர் முதலீடு திரட்டியது. பக்கத்தில் இருப்பவர்கள் எடுக்கும் படங்கள் உங்களுக்கும் தெரியும் என்பதே அதன் கவர்ச்சி. பக்கத்தில் யாரும் அந்த ஆப்பை வைத்திருக்கவில்லை. திறந்தவர்கள் காலித் திரையைப் பார்த்துவிட்டு மூடினார்கள்; 2012-க்குள் கதை முடிந்தது. ஆயிரம் பேர் சேர்ந்தால்தான் பயன் என்றால், முதல் முயற்சியாக அதைத் தொடாதீர்கள்.

படி 5: போட்டியைக் கண்டு ஓடாதீர்கள்

"இதை ஏற்கெனவே ஒருத்தர் செய்கிறாரே" என்று கைவிடுபவர்கள் ஏராளம். 2010-ல் வாடிக்கையாளர் சேவை மென்பொருளான சென்டெஸ்க் விலையை ஏற்றியபோது வாடிக்கையாளர்கள் இணையத்தில் கொதித்தார்கள். சென்னையில் சோஹோ மென்பொருள் நிறுவனத்தில் இருந்த கிரீஷ் மாத்ருபூதம் அந்த விவாதத்தைப் படித்தார். அதே வகை மென்பொருளைச் செய்த அனுபவம் அவருக்கு முன்பே இருந்தது. ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கினார், 2021 செப்டம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் அந்நிறுவனம் நாஸ்டாக்கில் பட்டியலானது. பணம் கட்டிவிட்டுப் புலம்பும் கூட்டம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். போட்டியாளரே இல்லாத இடம் எனக்கென்னவோ சந்தேகத்தைத்தான் தருகிறது.

படி 6: கையால் ஓட்டிப் பாருங்கள்

1999-ல் நிக் ஸ்வின்மர்ன் இணையத்தில் செருப்பு விற்க நினைத்தபோது கிடங்கு எதுவும் கட்டவில்லை. உள்ளூர்க் கடையில் ஷூக்களைப் படமெடுத்துப் போட்டார். ஆர்டர் வந்தபோது அதே கடையில் வாங்கி அனுப்பினார். ஸாப்போஸ் என்ற பெயரில் வளர்ந்த அந்தக் கடையை 2009-ல் அமேசான் வாங்கியது.

பனியன் கம்பெனிக்கும் இது பொருந்தும். சலான்களை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நீங்களே ஒரு ஷீட்டில் ஏற்றி, தினமும் இரவு எட்டு மணிக்கு யாரிடம் எத்தனை கிலோ என்று முதலாளிக்கு அனுப்புங்கள். முதல் வாரம் இலவசம். இரண்டாம் வாரம் மாதக் கட்டணம் இவ்வளவு என்று சொல்லிவிடுங்கள். அப்போது "பார்க்கலாம் தம்பி" என்றால் விடைபெற்று அடுத்த கம்பெனிக்குப் போங்கள். எட்டே கால் வரை ரிப்போர்ட் வராத ஒரு நாளில், "என்னப்பா, கணக்கு இன்னும் வரலையே" என்று முதலாளியே போன் செய்தால், அன்றிரவே லேப்டாப்பைத் திறந்து கோட் எழுதத் தொடங்கலாம்.